119-க்கு அடுத்து 121: வீட்டுப் பிரிண்டரில் பேக் டு பேக் அச்சு, ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு வட்டத்தில் ஒரு கிராமம். டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண், பொது அறிவுப் பகுதிக்கான பாடக்குறிப்பைப் பிடிஎஃப் கோப்பாக வைத்திருந்தார். மொத்தம் 187 பக்கம். போனில் படித்துக் கண் எரிகிறது என்பதால் அதை அச்செடுத்துப் புத்தகமாகக் கட்டிக்கொள்ள முடிவானது. ஜெராக்ஸ் கடைக்குப் பாலக்கோடு டவுனுக்குத்தான் போக வேண்டும். வீட்டில் அண்ணனிடம் ஒரு இங்க் டேங்க் பிரிண்டர் இருந்தது. உடன் படிக்கும் தோழி ஒருவருக்கும், தர்மபுரியில் இருக்கும் மாமா மகளுக்கும் ஒவ்வொரு படி தேவைப்பட்டதால் வீட்டிலேயே அடிப்பது என்று தீர்மானித்தார்கள்.

அந்தப் பிரிண்டரில் தானாக இரு பக்கமும் அச்சிடும் வசதி கிடையாது. தாள் பின்பக்கத்தில் நிமிர்ந்த டிரேயில் நிற்கும். அது 100 தாள் வரை கொள்ளும். அச்சான தாள் முன்பக்கம் வந்து, எழுத்து மேலே தெரியும்படி விழும். முன்பக்கத் தட்டில் 30 தாளுக்கு மேல் சேர்ந்தால் சரியத் தொடங்கும். மை, நீரில் கரையும் சாயவகை. தாள் 70 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 70 கிராம் கனம்) ஏ4.

கீழே வரும் கணக்குகளில் 'தாள்' என்றால் கையில் எடுக்கும் ஒரு காகிதம், 'பக்கம்' என்றால் அதன் ஒரு முகம். பேச்சில் இரண்டையும் 'பேப்பர்' என்றே சொல்லிவிடுகிறோம். இந்த வேலையில் பாதிக் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. 187 பக்கத்துக்கு 94 தாள் வேண்டும். முன்முகத்தில் ஒற்றைப்படைப் பக்கங்கள் 94, பின்முகத்தில் இரட்டைப்படைப் பக்கங்கள் 93. கடைசித் தாளின் பின்முகம் வெறுமையாக இருக்க வேண்டும்.

முதல் படி அச்சான விதம்

மே மாதம், நல்ல வெயில் நாள். பிரிண்டரின் அமைப்புகளில் 'கடைசிப் பக்கம் முதலில்' என்ற தேர்வு ஏற்கெனவே டிக் ஆகியிருந்தது. எழுத்து மேலே தெரிய விழும் பிரிண்டரில் ஒரு பக்க அச்சுக்கு அது வசதியானது. 1-ஆம் பக்கம் கடைசியில் வந்து மேலே அமர்வதால் அடுக்கை அப்படியே எடுத்துக் கட்டலாம். அதனால் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

முதல் சுற்றில் ஒற்றைப்படைப் பக்கங்கள் 187, 185, 183 என்று இறங்குவரிசையில் வந்து 1-இல் முடிந்தன. தட்டு நிறைய நிறைய மூன்று தடவையாக எடுத்து, பின்னால் வந்ததை முன்னால் வந்ததன் மேல் வைத்தார்கள். அதில் தவறு இல்லை. காய விடாமல், விசிறாமல் மொத்த அடுக்கையும் திருப்பி டிரேயில் வைத்து, இரட்டைப்படைப் பக்கங்களுக்கு உத்தரவு கொடுத்தார்கள். அதுவும் இறங்குவரிசையில், 186-இல் தொடங்கி 2-இல் முடிந்தது.

வேலை முடிந்தபோது டிரே காலி. திரையில் எந்தப் பிழைச் செய்தியும் இல்லை. மேலே இருந்த நாலைந்து தாளைத் திருப்பிப் பார்த்தார்கள். 1-க்குப் பின் 2, 3-க்குப் பின் 4, 5-க்குப் பின் 6. எல்லாம் சரி. ஒற்றைப்படை முகம் மேலே இருக்கும்படி ஒவ்வொன்றாகப் போட்டு வரிசைப்படுத்தி, 94 தாள் இருப்பதை எண்ணி, அன்று மாலையே டவுனில் ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கொண்டு வந்தார்கள்.

தவறு தெரிந்தது

ஒன்பது நாள் கழித்து, படித்துக்கொண்டிருந்த இடத்தில் அந்தப் பெண் நின்றுவிட்டார்.

"அண்ணா, 119-க்கு அப்புறம் 121 வருது. 120 எங்க?"

"பின்னாடி திருப்பிப் பாரு."

"119-க்குப் பின்னாடி ஒண்ணுமே இல்ல. 121-க்குப் பின்னாடிதான் 120 இருக்கு."

புத்தகத்தை முழுவதும் புரட்டிக் குறித்துக்கொண்ட விவரம் இது. 1 முதல் 117 வரையுள்ள 59 தாளும் சரியாக இருந்தன. 119-ஆம் பக்கம் உள்ள தாளின் பின்முகம் வெறுமை. ஆனால் அந்த வெறுமையில், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், ஒரு படத்தின் மங்கலான கறை இடம் வலமாக மாறித் தெரிந்தது. 121 முதல் 187 வரையுள்ள 34 தாளிலும் பின்முகத்தில் அடுத்த பக்கத்துக்குப் பதில் முந்தைய பக்கம் இருந்தது. 121-க்குப் பின் 120, 123-க்குப் பின் 122, கடைசித் தாளில் 187-க்குப் பின் 186. ஒரு பக்கம்கூட விடுபடவில்லை. ஒரு பக்கம்கூட இருமுறை வரவில்லை.

காரணம்

இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று மற்றொன்றை மறைத்துவிட்டது.

முதல் தவறு எண்ணிக்கையில். இறங்குவரிசையில் அடிக்கும்போது, இரண்டாம் சுற்றில் டிரேயிலிருந்து முதலில் இழுக்கப்படுவது 187-ஆம் பக்கம் உள்ள தாள். அதன் பின்முகத்துக்குரிய 188-ஆம் பக்கம் கோப்பில் இல்லை. அது இல்லை என்பது பிரிண்டருக்குத் தெரியாது. முதலில் வந்த 186-ஐ, முதலில் கையில் சிக்கிய தாளில் அடித்துவிட்டது. அங்கிருந்து எல்லாமே ஒரு தாள் தள்ளிப்போயிற்று. மொத்தப் பக்கம் இரட்டைப்படையாக இருந்திருந்தால் இந்தத் தள்ளல் நடந்திருக்காது. கோப்பு ஒற்றைப்படையில் முடிந்து, வரிசையும் இறங்குவரிசையாக இருந்தால் மட்டும் வரும் தவறு இது. பத்துக் கோப்பை இதே முறையில் நன்றாக அடித்தவர்கூடப் பதினொன்றாவதில் சிக்கிக்கொள்வது இதனால்தான்.

இரண்டாவது தவறு, இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போனது. 121-ஆம் பக்கத்தில் தமிழ்நாட்டு ஆறுகளின் வரைபடம், அடர்நீல நிறைப்போடு, பக்கம் முழுவதும் இருந்தது. முதல் சுற்றில் 121 விழுந்த கையோடு அதன் ஈரத்தின் மேல் 119-இன் முதுகு வந்து படிந்தது. சாயவகை மை தாளுக்குள் ஊறிக் காய நேரம் எடுக்கும். ஈரம் பட்ட தாள் லேசாக அலையடித்து வளையும். அந்த அடுக்கை விசிறாமல் அப்படியே திருப்பி வைத்ததால் இரண்டும் ஒன்றாகவே நின்றன. முப்பத்துநாலாவது இழுப்பில் ரோலர் இரண்டையும் சேர்த்து இழுத்தது. வெளியே இருந்த தாளில் 120 அச்சானது; உள்ளே இருந்த 119 வெறுமையாகக் கடந்து போயிற்று. 119-இன் முதுகில் இருந்த கறை அந்த வரைபடத்தின் மைதான்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஏமாற்றியது. ஒரு தாள் வீணாகக் கடந்ததால், முன்பு ஒரு தாள் தள்ளிப்போயிருந்த வரிசை மீண்டும் பொருந்திவிட்டது. அடுத்த பக்கம் 118. அடுத்த தாள் 117. அங்கிருந்து 1, 2 வரை எல்லாம் சரியாக விழுந்தன.

இந்த இரண்டு தவறும் தனித்தனியே நடந்திருந்தால் அன்றைக்கே அகப்பட்டிருக்கும். எண்ணிக்கைத் தவறு மட்டும் என்றால் கடைசியில் டிரேயில் 1-ஆம் பக்கத் தாள் மிஞ்சி நின்றிருக்கும். ஒட்டிப்போனது மட்டும் என்றால் கடைசிப் பக்கத்துக்குத் தாள் இல்லாமல் பிரிண்டர் விளக்கு மினுக்கியிருக்கும். இரண்டும் சேர்ந்ததால் 93 அச்சுக்கு 94 தாளும் தீர்ந்து டிரே சரியாகக் காலியானது. மேல் தாள்களைப் பார்த்த சோதனையும் பயன்படவில்லை. இறங்குவரிசையில் மேலே இருப்பவை கடைசியாக அச்சானவை, அதாவது தவறு திருந்திய பிறகு அச்சானவை.

முதல் படியை என்ன செய்தார்கள்

அண்ணனின் முதல் யோசனை 120 முதல் 187 வரை மறுபடி அடிப்பது. அதற்கு 34 தாளும் 68 பக்க மையும் வேண்டும். ஆனால் தாள்களை உற்றுப் பார்த்தால் வேறு வழி தெரியும். 121-ஐ முன்முகமாகவும் 120-ஐப் பின்முகமாகவும் கொண்ட தாளைப் புத்தகப் பக்கம் போலத் திருப்பினால் 120 முன்னே வரும், 121 பின்னே போகும். 34 தாளையும் இருக்கும் இடத்திலேயே ஒவ்வொன்றாகத் திருப்பினால் 119, வெறுமை, 120, 121, 122 என்று 187 வரை வரிசை தானாக அமைந்துவிடும். இடப்பக்கம் இருக்க வேண்டிய எண் வலப்பக்கம் இருக்கும், அவ்வளவுதான். படிப்பதற்கு எந்தக் குறையும் இல்லை.

கட்டுவதற்கு முன் கண்டுபிடித்திருந்தால் இது ஐந்து நிமிட வேலை. கட்டிய பிறகு ஒரு தடை வந்தது: தாளைத் திருப்பினால் ஸ்பைரல் துளைகள் வலப்பக்கம் போய்விடும். துளையை இடப்பக்கம் வைக்கத் தாளைச் சுற்றினால் எழுத்து தலைகீழாகும். கோப்பில் இரு ஓரமும் 2 செ.மீ. விட்டிருந்ததால், ஸ்பைரலைக் கழற்றி, திருப்பிய 34 தாளுக்கு மறு ஓரத்திலும் துளையிடச் சொல்லி மறுபடி கட்டினார்கள். துளைகள் எழுத்தைத் தொடவில்லை. அந்த 34 தாளும் இரு பக்கமும் துளையோடு இருக்கின்றன. பார்க்க அழகில்லை, படிக்கத் தடையில்லை. மறுபடி அச்சடிக்காமல் விட்டது சரியான முடிவு. காரணம் கண்டுபிடிக்காமல் அதே முறையில் மறுபடி அடித்திருந்தால் 187-இல் அதே இடறல்தான் வந்திருக்கும்.

இரண்டாம் படி: மாற்றிய முறை

தோழிக்கான படியைத் தொடங்குமுன் இரண்டு தாளில் நாலு பக்கச் சோதனை செய்தார்கள். டிரேயில் நிற்கும்போது நம்மைப் பார்க்கும் முகத்தில், கீழ் ஓரத்தில், பென்சிலால் ஓர் அம்புக்குறி; முன்னே நிற்கும் தாளில் 1 என்ற எண், அடுத்ததில் 2. ஒற்றைப்படைப் பக்கம் இரண்டை அடித்தபோது மூன்று விஷயம் உறுதியானது. நம்மைப் பார்க்கும் முகத்தில் அச்சு விழுகிறது. முன்னே நிற்கும் தாள் முதலில் போகிறது. டிரேயின் அடியில் இருக்கும் ஓரமே பக்கத்தின் தலை. எந்தப் பிரிண்டரானாலும் இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் மற்றதைக் கணக்காகவே போட்டுக்கொள்ளலாம். யாரோ சொன்ன 'திருப்பி வை', 'சுத்தி வை' என்ற வாய்ப்பாட்டை நம்ப வேண்டியதில்லை.

பிறகு 'கடைசிப் பக்கம் முதலில்' டிக்கை எடுத்தார்கள். இது பிடிஎஃப் செயலியின் பிரிண்ட் பெட்டியிலும் இருக்கும், பிரிண்டரின் சொந்த அமைப்புகளிலும் இருக்கும். இரண்டு இடமும் பார்க்க வேண்டும். இந்த வகைப் பிரிண்டரில் இரு சுற்றும் ஏறுவரிசையில் அடிப்பதே நல்லது. 1, 3, 5 என்று விழும் அடுக்கில் 1 அடியில் இருக்கும். மொத்த அடுக்கையும் புத்தகம் புரட்டுவது போல இடம் வலமாகத் திருப்பினால் 1-இன் முதுகு முன்னே வரும். அதில் 2 விழும். 187 வரிசையின் கடைசியில் நிற்பதால் அதற்குப் பின்முகம் இல்லாதது யாரையும் பாதிக்காது. முடிந்த அடுக்கை ஒருமுறை திருப்பினால் 1 மேலே வந்துவிடும். ஒவ்வொரு தாளாகப் போட்டு அடுக்க வேண்டிய வேலையும் இல்லை.

திருப்பும்போது கவனம் வேண்டிய இடம் தலைப்பகுதி. தட்டில் விழுந்த தாளின் தலை நம் பக்கம் இருக்கும். அடுக்கின் தூர ஓரத்தை உயர்த்தி நிமிர்த்தினால் தலை கீழே வரும்; அந்நிலையிலேயே இடம் வலமாகத் திருப்ப வேண்டும். எழுத்து சுவரைப் பார்க்க வேண்டும், தலை டிரேயின் அடியைத் தொட வேண்டும். மேல் கீழாகப் புரட்டினால் பின்முகம் தலைகீழாக அச்சாகும். நாட்காட்டி போல மேலே கட்டும் தாளுக்கு மட்டுமே அது பொருந்தும்.

187 பக்கத்தையும் ஒரே மூச்சில் அடிக்காமல் 40 பக்கம், அதாவது 20 தாள் கொண்ட தொகுதிகளாகப் பிரித்தார்கள்: 1–40, 41–80, 81–120, 121–160, 161–187. பக்க எல்லையைக் கொடுத்து, அதற்குள் 'ஆட் பேஜஸ் ஒன்லி' (ஒற்றைப்படை மட்டும்) ஒருமுறை, 'ஈவன் பேஜஸ் ஒன்லி' (இரட்டைப்படை மட்டும்) ஒருமுறை. டிரேயில் எண்ணி 20 தாள் மட்டும். முதல் நாலு தொகுதியிலும் இரண்டாம் சுற்று முடியும்போது டிரே காலியாக வேண்டும். கடைசித் தொகுதியில் 14 தாளுக்கு 13 அச்சு என்பதால் ஒரே ஒரு தாள் மிஞ்ச வேண்டும். இதில் எது மாறினாலும் அந்த இடத்திலேயே நிறுத்துவது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்கள்.

இரு சுற்றுக்கும் நடுவே எழுத்து மட்டும் உள்ள தாளுக்கு ஐந்து நிமிடம், படமும் நிறைப்பும் உள்ள தாளுக்கு இருபது நிமிடம் பரப்பிக் காய விட்டார்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் பரப்ப வேண்டும்; பறந்து கலைந்தால் வேலை இரட்டிப்பு. காய்ந்த பின் வளைவை எதிர்ப்பக்கம் மெல்ல நீவி, நாலு ஓரமும் விசிறி, மேசையில் தட்டி நேராக்கி வைத்தார்கள். தாளையும் 75 ஜி.எஸ்.எம்.-க்கு மாற்றினார்கள். 70-இல் பின்முகத்து எழுத்து நிழலாகத் தெரிந்தது முதல் படியில் இன்னொரு குறை. படத்தை 'ஹை' தரத்தில் அடிக்காமல் 'ஸ்டாண்டர்ட்' தரத்தில் அடித்ததும் ஈரத்தைக் குறைத்தது.

மூன்றாம் தொகுதியில்

முதல் இரண்டு தொகுதியும் குறையின்றி முடிந்தன. 81–120 தொகுதியில், இரண்டாம் சுற்றின் கடைசிப் பக்கமான 120-க்குத் தாள் இல்லை என்று பிரிண்டர் நின்றது. பழைய பழக்கம் என்றால் இன்னொரு தாளைச் செருகி 'தொடர்' பொத்தானை அழுத்தியிருப்பார்கள். இம்முறை உத்தரவை ரத்து செய்துவிட்டு அடுக்கைப் பிரித்தார்கள். 97-க்குப் பின் 98 சரி. 99-க்குப் பின் வெறுமை. 101-க்குப் பின் 100, 103-க்குப் பின் 102, 119-க்குப் பின் 118. ஆக 97-உம் 99-உம் ஒட்டிக்கொண்டு போயிருக்கின்றன. அதற்குப் பின் 10 தாள் தள்ளியிருக்கின்றன.

கட்டாத தாள் என்பதால் பரிகாரம் எளிதாக இருந்தது. 10 தாளையும் திருப்பியதும் 100 முதல் 119 வரை சீரானது. 120-ஆம் பக்கத்தைத் தனித் தாளில் ஒரு பக்கமாக அடித்து அடுத்து வைத்தார்கள். ஒரு தாள் கூடுதலாகி 95 ஆனது, வீணானது ஒன்றுமில்லை. 121-ஆம் பக்கம் வழக்கம் போல வலப்பக்கம் தொடங்கியது.

இம்முறை ஈரம் காரணமில்லை. தாள்கள் நன்றாகக் காய்ந்திருந்தன. பின் டிரேக்குள் டார்ச் அடித்துப் பார்த்ததில் தாள் இழுக்கும் ரோலரில் வெள்ளைத் தூசு படிந்திருந்தது. காகிதத் தூசும், பின்பக்கம் திறந்தே கிடக்கும் டிரேயில் விழும் வீட்டுத் தூசும் சேர்ந்தது. தூசு படிந்தால் ரோலரின் பிடியும் தாள்களைப் பிரித்துவிடும் பட்டையின் உராய்வும் குறையும். ஒன்றும் இழுக்காமலோ இரண்டாகவோ போவது அதனால்தான். பிரிண்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நூல் உதிராத துணியை நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்து ரோலரைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார்கள். காய அரை மணி நேரம் விட்டார்கள். தின்னர், பெட்ரோல் போன்றவை ரப்பரைக் கெடுக்கும், அவற்றைத் தொடவில்லை. மீதி இரண்டு தொகுதியிலும் ஒட்டிப்போகவில்லை. 161–187 முடிந்தபோது டிரேயில் 187 மட்டும் நின்றது.

ஒவ்வொரு தொகுதி முடிந்ததும் எல்லாத் தாளின் மூலையையும் விரலால் புரட்டி முன் எண்ணும் பின் எண்ணும் பார்த்தார்கள். முன் எண்ணோடு ஒன்று கூட்டினால் பின் எண் வர வேண்டும். இருபது தாளுக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

மூன்றாம் படி: லேசர் பிரிண்டரில்

மாமா மகளுக்கான படியைத் தர்மபுரியில் மாமா வீட்டு லேசர் பிரிண்டரில் எடுத்தார்கள். கிராமத்தில் எழுதி வைத்த முறையை அங்கே அப்படியே பின்பற்றப் போனபோது அண்ணன் தடுத்து, மறுபடி இரண்டு தாள் சோதனை செய்யச் சொன்னார். "மாமா, இதுல எழுத்து கீழ பாத்து விழுதுங்க. அது வேற, இது வேற."

அது சரியான தடுப்பு. அந்த லேசரில் முன்தட்டில் படுக்க வைத்த அடுக்கின் மேல் தாள் முதலில் போகும். அச்சு மேல்முகத்தில் விழும். வெளியே வரும்போது எழுத்து கீழ்நோக்கி, தலை நம் பக்கமாக விழும். ஏறுவரிசையில் ஒற்றைப்படைப் பக்கங்களை அடித்த பின் வெறுமுகம் மேலே, மேல் தாள் 187. ஆகவே அடுக்கைத் திருப்பவே கூடாது. தலை உள்ளே போகும்படி அரைவட்டம் சுற்றி அப்படியே வைத்து, இரட்டைப்படைப் பக்கங்களை மட்டும் இறங்குவரிசையில் அடிக்க வேண்டும். இங்கே 187 முதலில் நிற்கிறது. கிராமத்தில் முதல் நாள் நடந்த அதே இடறல் காத்திருக்கிறது. எனவே கடைசித் தொகுதியில் இரண்டாம் சுற்றுக்கு முன் 187-ஆம் தாளை எடுத்துத் தனியே வைத்தார்கள். முடிந்தபோது ஒவ்வொரு தொகுதியும் மேலிருந்து 1, 2, 3 என்ற வாசிப்பு வரிசையிலேயே வந்தது. 187-ஐக் கடைசியில் சேர்த்தார்கள்.

லேசரில் காயும் நேரம் தேவையில்லை; டோனர் என்ற மைத்தூள் சூட்டில் உருகித் தாளில் ஒட்டிவிடுகிறது. பதிலுக்கு அந்தச் சூடு தாளை வளைக்கும். வளைந்த அடுக்கு இரண்டாம் சுற்றில் சிக்கும். ஆறும் வரை கனமான புத்தகம் ஒன்றை மேலே வைத்து, பிறகு விசிறி வைத்தார்கள். ஒரு தாள் மட்டும் சிக்கியது. அதன் இரு பக்கத்தையும் தனியே அடித்துச் சேர்த்தார்கள்.

இனி மாற்றியவை

கோப்பு ஒற்றைப்படையில் முடிந்தால், அச்சிடும் முன்பே கடைசியில் ஒரு வெற்றுப் பக்கம் சேர்த்து இரட்டைப்படையாக்குகிறார்கள். 187 என்பது 188 ஆகிவிட்டால் ஏறுவரிசையோ இறங்குவரிசையோ, தாளுக்கும் அச்சுக்கும் எண்ணிக்கை ஒன்றாகிவிடும். எந்தத் தாளையும் தனியே எடுக்க நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை. வேர்டு கோப்பாக இருந்தால் கடைசியில் பக்க முறிவு ஒன்று போதும். சில மென்பொருள்கள் வெற்றுப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பாமல் விட்டுவிடும். அதனால் அந்தப் பக்கத்தின் அடியில் பக்க எண்ணை மட்டும் இட்டு வைக்கிறார்கள்.

நிறைப்படம் உள்ள பக்கங்களின் எண்ணை முதலிலேயே குறித்துக்கொண்டு, அந்தத் தொகுதிகளை 10 தாளாகக் குறைத்துக்கொள்கிறார்கள். பின் டிரேயை வேலை இல்லாத நேரம் துணி போட்டு மூடி வைக்கிறார்கள். மூலை எண் பார்த்து முடியாத எந்தக் கட்டும் பைண்டிங் கடைக்குப் போவதில்லை. கிராமத்துப் பிரிண்டரின் மூடியில் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கிறது: 'இரு சுற்றும் ஏறுவரிசை. எழுத்து சுவரைப் பார்க்க, தலை கீழே. 20 தாள்.' மாமா வீட்டு லேசரில் ஒட்டிய சீட்டு வேறு: 'திருப்பாதே, சுற்றி வை. இரண்டாம் சுற்று இறங்குவரிசை.'